பழையாற்றில் குப்பியும் வலையும்

நாகர்கோவில் ஒழுகினசேரிப் பக்கம் பழையாறு தேங்கி நிற்கும் ஓர் இடத்தில் மத்தியானம் மூன்று மணிக்குக் கரைந்த ஆக்சிஜனை அளந்தால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றுகூட வரலாம். 28 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் கரைந்திருக்கும் அளவே சுமார் 7.8தான். அதையும் தாண்டியிருக்கிறதே, ஆறு நலம் என்று எழுதிவிடத் தோன்றும். அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்தால் 2 இருந்தாலே அதிசயம். கழிவு சேர்ந்த நீரில் பாசி செழித்து வளரும். வெயிலில் அது ஆக்சிஜனை விடுகிறது, ராத்திரி முழுக்க அதுவும் மற்ற உயிர்களும் சேர்ந்து அதைத் தின்று தீர்க்கின்றன. மத்தியானம் நீர் எடுத்த குப்பி இந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சி சொல்லிவிடும். மேஃப்ளை எனப்படும் பூச்சியின் இளம்பருவம் வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில், நீருக்குள்ளேயே செவுளால் மூச்சுவிட்டு வாழ்கிறது. ஒரே ஒரு ராத்திரி மூச்சு முட்டினாலும் போச்சு. அது அங்கே உயிரோடு இருக்கிறது என்றால் கடந்த சில வாரங்களாக அந்த இடத்தில் ஆக்சிஜன் ஒருநாளும் கைவிடவில்லை என்று பொருள். இல்லை என்றால்? அங்கேதான் சிக்கல். இல்லாமல் போக பத்துக் காரணம் உண்டு, அதில் மாசு ஒன்று. அதைப் பிரித்துச் சொல்லக் குப்பி வேண்டும். நீரை அளக்கும் குப்பியும் பூச்சியைப் பிடிக்கும் வலையும் ஒரே பதிலைச் சொன்னால் அறிக்கை எழுதுவது எளிது. இரண்டும் முரண்படும்போதுதான் ஆற்றில் என்ன நடக்கிறது என்பது தெரியவருகிறது.

எப்போது போவது

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு. போதாததற்குச் சித்திரை, வைகாசியில் இடிமழை. பெருவெள்ளம் கற்களை உருட்டிப் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்த மறுநாள் வலை போட்டால் சுத்தமான மலை ஓடைகூட மாசுபட்டதுபோல மதிப்பெண் வாங்கும். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

மழையை மட்டும் பார்த்தால் போதாது, அணையையும் பார்க்க வேண்டும். கோதையாறு பாசனத்தில் ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரை, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்குமாக, பேச்சிப்பாறையிலிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் சானல்களில் தண்ணீர் ஓடும். மார்ச்சில் அடைத்துவிட்டால் கீழ்ப்பகுதியில் ஆற்று நீர் சுருங்கும். நகரத்திலிருந்து வரும் சாக்கடை சுருங்காது. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நொடிக்கு 2 கனமீட்டர் ஓடும்போது பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தின்னும் ஆக்சிஜன், லிட்டருக்கு மில்லிகிராமில்) 3 என்றால் நொடிக்கு 6 கிராம், ஒரு நாளுக்கு ஏறக்குறைய 518 கிலோ. நொடிக்கு அரை கனமீட்டராகக் குறைந்தபின் பி.ஓ.டி. 12 என்றாலும் அதே 6 கிராம், அதே 518 கிலோ. ஊர் விடும் கழிவு கூடவில்லை, குறையவுமில்லை. ஜூலை அளவையும் மார்ச் அளவையும் பக்கத்தில் வைத்து "மாசு நான்கு மடங்கு கூடிவிட்டது" என்று எழுதுவது இதனால்தான் தப்பு. ஆனால் பூச்சிக்கு அந்த 12தான் விதி, ஆகவே ஆண்டுக்கு ஒரு முறைதான் முடியும் என்றால் மார்ச்சைத் தேர்ந்தெடுங்கள்.

ஓட்டத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை விட்டு நேரம் பாருங்கள். ஆரஞ்சு பாதிக்குமேல் மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. மூன்று முறை விட்டுச் சராசரி எடுத்து, மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம் கிடைத்துவிடும்.

ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலி நடக்கும் நாட்களில் அந்தக் கடவுகளில் (படித்துறைகளில்) நீர் எடுக்காதீர்கள். அது ஆற்றின் தரம் இல்லை, திருவிழாவின் தரம்.

எங்கே நிற்பது

ஓர் இடம் மட்டும் என்பது ஆய்வே இல்லை. கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இன்னும் கீழே தெளியத் தொடங்கும் இடத்தில் ஒன்று. பழையாற்றில் பூதப்பாண்டிக்கு மேலே, ஒழுகினசேரிக்குக் கீழே, சுசீந்திரத்தருகே என்று வைத்துக்கொள்ளலாம். குழித்துறைத் தாமிரபரணியில் (நெல்லைத் தாமிரபரணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) கோதையாறும் பரளியாறும் கூடும் மூவாற்றுமுகத்துக்கு மேலே இரண்டு கிளையிலும் ஒவ்வொன்று, பிறகு குழித்துறை சப்பாத்துக்கு (தரைப்பாலத்துக்கு) கீழே ஒன்று. வனப்பகுதிக்குள் எடுக்க வேண்டுமானால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் வலையைத் தொடாதீர்கள்.

இடங்களை ஒப்பிடும்போது ஒரே மாதிரியான தளத்தை ஒப்பிட வேண்டும். மேலே கல் பாவிய வேகமான ஓட்டம், கீழே தடுப்பணைக்குப் பின்னால் சேறு படிந்த தேக்கம் என்று எடுத்தால் மாசே இல்லாவிட்டாலும் பூச்சி மாறித்தான் இருக்கும். கீழ்ப்பகுதிகளில் கல்லோட்டம் கிடைப்பது கடினம். தடுப்பணையின் கீழ்ப்புறம் நீர் விழுந்து ஓடும் அந்தப் பத்துப் பதினைந்து மீட்டர்தான் பல இடங்களில் கிடைக்கும் ஒரே கல்லோட்டம். அதுவும் இல்லையென்றால் எல்லா இடத்திலும் கரையோரத் தாழை வேர்களையே அலசுங்கள். தாழை வேர் நம் ஆறுகளில் மேலிருந்து கீழ்வரை கிடைக்கும் தளம்.

முதலில் குப்பி

வலையால் கிளறிய பிறகு நீர் எடுத்தால் சேறும் அதனோடு அம்மோனியாவும் குப்பிக்குள் வந்துவிடும். ஆகவே நீர் முதலில். கீழ்ப்பக்கமிருந்து ஆற்றில் இறங்கி, ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, குப்பியை முழங்கை ஆழத்தில் திறவுங்கள். கரையோரத்து நுரையையும் மேல்படலத்தையும் அள்ளாதீர்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்கு மின்முனைக் கருவி இருந்தாலும் விங்க்லர் முறையைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. கருவி பொய் சொல்லும் நாள் ஒன்று வரும். 300 மி.லி. பி.ஓ.டி. குப்பியில் நீரைக் குமிழியில்லாமல் வழிய வழிய நிரப்பி, 2 மி.லி. மாங்கனீசு சல்பேட், 2 மி.லி. கார அயோடைடு அசைடு, இரண்டையும் பிப்பெட்டின் நுனி நீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அங்கே ஆக்சிஜன் இல்லவே இல்லை, மேற்கொண்டு அளக்க ஒன்றுமில்லை. பாதிக் குப்பி தெளிந்ததும் 2 மி.லி. அடர் கந்தக அமிலம். இதுவரை ஆற்றங்கரையிலேயே முடித்துவிட வேண்டும். பிறகு இருட்டில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் அளந்தால், செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். (வினைப்பொருள் விட்டபோது வழிந்த நீருக்காகத் துல்லியமாக 203 என்று திருத்துவோரும் உண்டு. ஆற்றின் கதை அதனால் மாறாது.) நிறம் வைக்கோல்போல வெளிறிய பிறகே ஸ்டார்ச். முன்னதாக விட்டால் அயோடின் ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொண்டு முடிவுப்புள்ளி இழுக்கும். நீலம் மறைந்து சற்று நேரத்தில் திரும்பி வந்தால் அதைத் துரத்திப் போக வேண்டாம்.

மூடியைப் போட்டபின் குப்பியைச் சாய்த்து, குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். பட்டாணி அளவு குமிழி ஒன்று இருந்தால் ஆக்சிஜன் குறைந்த நீரில் விடை கணிசமாக ஏறிவிடும். கலங்கலில் குமிழி தெரியாது, சந்தேகமென்றால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

பி.எச். கருவியை 4, 7, 9.2 தாங்கல் கரைசல்களிலும், மின்கடத்துதிறன் கருவியை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலிலும் காலையில் சரிபாருங்கள். மலையடிவார நீரில் உப்பு மிகக் குறைவு, அதில் பி.எச். கருவி நிலைகொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகும். அரை நிமிடத்தில் எழுதிக்கொண்ட எண்ணெல்லாம் பெரும்பாலும் முந்தைய கரைசலின் மிச்சம்தான்.

பி.ஓ.டி.க்கு நம் நாட்டு வழக்கம் 27 டிகிரியில் 3 நாள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் வருவது 20 டிகிரியில் 5 நாள். இரண்டையும் பெயர் போடாமல் கலக்காதீர்கள். பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து அன்றே தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் குப்பியில் குறைந்தது 1 மில்லிகிராம் ஆக்சிஜன் மிஞ்சியிருக்க வேண்டும், மூன்று நாளில் குறைந்த அளவும் 2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். எல்லாம் தீர்ந்துபோய் பூச்சியம் வந்தால் அந்த அளவு செல்லாது, நீர்த்தது போதவில்லை. சாக்கடை சேரும் வாய்க்கு 300 மி.லி.யில் 15 மி.லி. மாதிரி என்று தொடங்கலாம். தொடக்கத்தில் 7.2, முடிவில் 4.1 என்றால் வித்தியாசம் 3.1, அதை 0.05ஆல் வகுத்தால் 62. மலை நீரை நீர்க்கவே தேவையில்லை. சந்தேகமிருந்தால் ஒரே மாதிரியில் மூன்று அளவு நீர்ப்பில் மூன்று குப்பி வையுங்கள், ஒன்றாவது உருப்படும். கரண்டு போனால் என்ன செய்வது என்பதற்கும் முன்னாலேயே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மத்தியானம் அடைகாக்கும் பெட்டி 33 டிகிரிக்குப் போய்விட்டால் மூன்று நாள் வேலையும் வீண்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்க ஏற்ற நீருக்கு ஆக்சிஜன் 5க்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3ஐத் தாண்டக் கூடாது, பி.எச். 6.5 முதல் 8.5, மொத்தக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 500க்குள். மீன் வாழும் நீருக்கு ஆக்சிஜன் 4, கட்டற்ற அம்மோனியா 1.2க்குள்.

அந்தக் "கட்டற்ற" என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சான பங்கு பி.எச்.சைப் பொறுத்தது. 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 8 என்றால் ஏழரை, 9 என்றால் ஏறக்குறைய 45. பாசி மண்டிய தேக்கத்தில் மத்தியானம் பி.எச். 9ஐத் தொடுவது சாதாரணம். காலையில் தொல்லை தராத அதே அம்மோனியா மத்தியானம் இறாலைக் கொல்கிறது என்றால் இதுதான் கணக்கு.

பிறகு வலை

டி வடிவச் சட்டம், 30 செ.மீ. அகலம், அரை மில்லிமீட்டர் கண் உள்ள நைலான் வலை. கொசுவலைத் துணி கண் பெரிது, சின்னப் புழுக்களெல்லாம் நழுவிவிடும். ரொம்ப நெருக்கமான துணியும் ஆகாது. சேறு அடைத்து, வலையின் வாயில் நீர் எதிர்த்துச் சுழன்று, உள்ளே வந்ததையும் வெளியே தள்ளிவிடும். வலையைத் தரையோடு ஒட்டி வைத்து, அதற்கு மேலோட்டத்தில் நின்று காலால் கற்களைக் கிளறுங்கள். இடத்துக்கு மொத்தம் 3 நிமிடம், அதை வேகமான ஓட்டம், மெதுவான ஓட்டம், செடியோரம் என்று அவை இருக்கும் விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நிமிடம் பெரிய கற்களைக் கையால் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், காலால் உதைத்தால் வராதவை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழிடத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள்.

நகரத்துக்குக் கீழே இறங்கும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, காலில் புண் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். எலிக்காய்ச்சல் இந்தப் பக்கம் புதிதல்ல. அணைக்குக் கீழே நிற்பதானால் அன்று மதகு திறக்கிறார்களா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் விரலளவு நீரில் கொட்டி, இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் பாருங்கள். முதலில் இலைச் சருகும் மணலும் மட்டும்தான். பிறகு ஒரு சருகு நடக்கும். மணலை ஒட்டிக் குழாய்போலக் கூடு கட்டிக்கொண்ட கேடிஸ் புழு அது, தலையையும் ஆறு காலையும் மட்டும் நீட்டி வீட்டை இழுத்துக்கொண்டு போகும். குட்டி மீன்போல விருட்டென்று நீந்துவது பேட்டிடே குடும்ப மேஃப்ளை. உடல் தட்டையாகி, நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடித் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது ஹெப்டஜீனிடே. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிவதே பாதிப் படிப்பு, ஏனென்றால் மாசைத் தாங்காத குடும்பத்துக்கே கூடுதல் மதிப்பெண், முன்னதற்கு 4, பின்னதற்கு 10. வயிற்றின் இருபக்கமும் கவைக்குச்சிபோலப் பிளந்த செவுள்கள் ஆடினால் லெப்டோஃப்ளீபிடே, அதற்கும் 10.

ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் இளம்பருவத்தை மேஃப்ளையோடு குழப்பிக்கொள்வார்கள். வாலை மட்டும் எண்ணாதீர்கள், சில மேஃப்ளைக்கும் வால் இரண்டுதான், எடுக்கும்போது ஒன்று ஒடிந்தும் போகும். கால் நுனியைப் பாருங்கள். ஸ்டோன்ஃப்ளைக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், மேஃப்ளைக்கு ஒன்று. நம் மலை ஓடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பெர்லிடே, அதற்குச் செவுள் கால் இடுக்கில் பஞ்சுபோலக் கொத்தாக இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இவ்வளவும் ஆற்றங்கரையிலேயே முடியும்.

கல்லில் ஒட்டிய துவரம்பருப்புபோல ஒன்று இருந்து, நகத்தால் நெம்பினால் அடியில் கால்கள் அசைந்தால் அது ஒரு வண்டின் இளம்பருவம், செஃபீனிடே. சிவப்பு நூல்போல வளைந்து வளைந்து நீந்துவது கைரோனோமிட் புழு. அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான். மீன்தொட்டிக்காரர்கள் வாங்கும் டியூபிஃபெக்ஸ் புழு சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். இவை இரண்டு மட்டும் கூட்டமாக இருந்து வேறெதுவும் இல்லையென்றால் வேதியியலே வேண்டாம், மூக்கே போதும்.

மதிப்பெண் போடும் இடத்தில்

மத்திய வாரியத்தின் உயிரியல் முறை பிரிட்டனில் பிறந்த பி.எம்.டபிள்யூ.பி. (உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு) பட்டியலிலிருந்து வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சப்ரோபிக் மதிப்பு. ஒரு குடும்பத்தில் ஒன்று கிடைத்தாலும் நூறு கிடைத்தாலும் ஒரே மதிப்பெண்.

கணக்குக்காக இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். மேலிடத்தில் ஹெப்டஜீனிடே 10, லெப்டோஃப்ளீபிடே 10, பெர்லிடே 10, லிபெல்லுலிடே தும்பி 8, கோம்ஃபிடே தும்பி 8, வலைபின்னும் கேடிஸான ஹைட்ரோப்சைக்கிடே 5, பேட்டிடே 4, கைரோனோமிடே 2. மொத்தம் 57, எட்டால் வகுத்தால் 7.1. கீழிடத்தில் ஊசித்தும்பிக் குடும்பமான சீனாக்ரியோனிடே 6, ஹைட்ரோப்சைக்கிடே 5, பேட்டிடே 4, சுருள்நத்தையான பிளானார்பிடே 3, அட்டைக் குடும்பமான குளோசிஃபோனிடே 3, கைரோனோமிடே 2, ஒலிகோகீட்டா மண்புழு வகை 1. மொத்தம் 24, ஏழால் வகுத்தால் 3.4. 7ம் அதற்கு மேலும் தூய நீர், 6 முதல் 7 லேசான மாசு, 3 முதல் 6 நடுத்தரம், 2 முதல் 5 கடுமை, 0 முதல் 2 மிகக் கடுமை.

3.4 நடுத்தரத்திலும் விழுகிறது, கடுமையிலும் விழுகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பன்மை மதிப்பு. பிடித்த உயிர்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்து, பக்கத்தில் இருப்பது முன்னதிலிருந்து மாறும்போதெல்லாம் ஒரு புதிய ஓட்டம் என்று எண்ணுங்கள். 100 உயிரில் 62 ஓட்டம் என்றால் 0.62. அதே 3.4க்கு பன்மை 0.62 என்றால் நடுத்தரம், 0.15 என்றால் கடுமை. தடுக்கி விழும் இடமும் இதுதான். தட்டிலிருந்து பொறுக்கும்போது கை தானாக ஒரே வகையை அடுத்தடுத்து எடுக்கும், ஓட்டங்களின் எண்ணிக்கை குறைந்து நல்ல ஆறும் கெட்டதாகிவிடும். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலக்கிவிட்டுக் கண்ணை வேறுபக்கம் வைத்துக்கொண்டு எடுங்கள்.

இந்தப் பட்டியலை நான் முழுக்க நம்புவதில்லை. லிபெல்லுலிடேக்கு 8 என்பது குளிர்நாட்டுக்குப் பொருந்தலாம். நம் ஊர்ச் சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் தும்பியும் அதே குடும்பம்தான், அதன் அறிவியல் பெயரே பிராக்கிதெமிஸ் கன்டாமினாட்டா. அதன் இளம்பருவம் ஒன்று கீழிடத்து வலையில் விழுந்தால் 24 என்பது 32 ஆகி, எட்டால் வகுத்து 4.0 ஆகிவிடும். அழுக்கை விரும்பும் தும்பி ஒன்று ஆற்றைச் சுத்தமாக்கிவிட்டது! முதுகுநீச்சல் பூச்சி, சுழல்வண்டு, நீர்த்தேள் ஆகியவற்றுக்கு 5 கொடுப்பதும் இப்படித்தான். அவை மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போகின்றன, நீரில் ஆக்சிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆகவே மதிப்பெண்ணை இரண்டு தரம் போடுங்கள். ஒன்று பட்டியல்படி, இன்னொன்று காற்று சுவாசிகளையும் லிபெல்லுலிடேயையும் விட்டுவிட்டு. இரண்டும் ஒரே வகுப்பில் விழுந்தால் நிம்மதி.

இரண்டும் முரண்படும்போது

ஆக்சிஜன் நன்று, பி.ஓ.டி. 2க்குள், ஆனால் பூச்சி குறைவு. முதலில் கல்லிடுக்கைப் பாருங்கள். மணலும் வண்டலும் அடைத்திருந்தால் ஒளிய இடமில்லாமல் தட்டை மேஃப்ளை போய்விடும், மணலுக்குள் புதைந்து வாழும் கோம்ஃபிடே மட்டும் மிஞ்சும். மேலே எங்கோ கரை வெட்டுகிறார்கள் அல்லது மண் அள்ளுகிறார்கள் என்று பொருள்.

கல்லிடுக்கு சுத்தம், நத்தையும் அட்டையும் புழுவும் தாராளம், ஆனால் மேஃப்ளையும் கூனி இறாலும் அறவே இல்லை என்றால் ஏலாவிலிருந்து (வயலிலிருந்து) வடியும் பூச்சிமருந்தைச் சந்தேகியுங்கள். பைரித்ராய்டு வகை மருந்து பூச்சியையும் இறாலையும் கொல்லும், நத்தையை அவ்வளவாகத் தொடாது. நம் குப்பியில் இது தெரியாது, தனி ஆய்வகச் சோதனைதான். நேர்மாறாக நத்தை காணாமல் போயிருந்தால் செம்பை நினையுங்கள். மழைக்கு முன்னால் இலையுதிர் நோய்க்காக ரப்பர் தோட்டங்களில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் செம்பு கலந்தது. சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் செம்பின் நஞ்சு கூடும், நம் மலையடிவார நீர் மென்னீர்தான்.

ரப்பர் பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து ஷீட் அடித்தபின் மிஞ்சும் நீர் புளித்தது, பி.ஓ.டி. மிகுந்தது. ஒரு சிறிய ஓடையில் அது காலையில் மட்டும் விழும். மத்தியானம் குப்பி எடுத்தால் பி.எச். சாதாரணமாக இருக்கும். கற்களில் மட்டும் சாம்பல் நிறப் பஞ்சுபோல ஒரு வழுக்கல் படலம், தட்டில் சிவப்புப் புழு. அந்த ஓடையில் பால்வெட்டு நடக்கும் காலத்தில் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை அரைமணிக்கு ஒரு தரம் பி.எச். எடுத்தால் பள்ளம் தெரியும். வெட்டு நிற்கும் இலையுதிர் காலத்தில் மறுபடி வலை போட்டு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போடும் கடலோரத் தேக்கங்களில் நீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். குப்பியின் வாயில் ஈய அசிடேட் தாளைப் பிடித்து, நீரில் சில துளி அமிலம் விட்டால் தாள் கறுக்கும், அது ஹைட்ரஜன் சல்பைடு. இங்கே பூச்சி தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

குளோரைடு கூடினால் சாக்கடை என்று எழுதுவதற்கு முன் அம்மோனியாவைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் சாக்கடை. குளோரைடும் மின்கடத்துதிறனும் மட்டும் ஏறினால் கடல் ஏறி வருகிறது. மணக்குடிக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் பக்கத்தில் இந்த மதிப்பெண் பட்டியலே செல்லாது. உப்பு நீரில் மேஃப்ளை இல்லாதது மாசினால் அல்ல.

ஆழமாகவும் சேறாகவும் இருந்து வலைக்கு வழியில்லாத இடத்தில் வெங்காய வலைச்சாக்கில் ஓட்டுத் துண்டும் முட்டியளவுக் கல்லுமாக ஐந்து கிலோ நிரப்பி, தாழை வேரில் நைலான் கயிற்றால் கட்டி, மதகு அடைத்தாலும் நீருக்கு அடியிலேயே இருக்கும் ஆழத்தில் இறக்கிவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் பூச்சிகள் குடியேறிவிடும். எடுக்கும்போது நீருக்குள்ளேயே வலையை அடியில் பிடித்து அதோடு சேர்த்துத் தூக்க வேண்டும், இல்லையென்றால் பாதி உயிர் நழுவிவிடும். கல் கிடைக்கவில்லை என்று கதம்பையை நிரப்பாதீர்கள், அதுவே ஊறிச் சாயம் விட்டு அந்த இடத்தைக் கெடுக்கும். ஓர் இடத்துக்கு மூன்று சாக்கு வையுங்கள். ஒன்று வெள்ளத்தில் போகும், ஒன்றை யாராவது மீன்கூடு என்று நினைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள்.

பிடித்தவற்றை 70 முதல் 80 சதவீத எத்தில் ஆல்ககாலில் போடுங்கள். பெர்லிடேயையும் தும்பி இளம்பருவத்தையும் உயிரோடு மற்றவற்றோடு ஒரே டப்பாவில் கொண்டுவந்தால் வீட்டுக்கு வரும்போது எண்ண மிச்சம் இருக்காது, அவை வேட்டைக்காரர்கள். உயிர்களின் உடலிலுள்ள நீர் ஆல்ககாலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இடம், தேதி, நேரம், எத்தனை நிமிட வலை என்பதைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதி டப்பாவுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்ககாலில் கரைந்து, மூடியில் ஒட்டிய தாள் ஈரத்தில் உரிந்து, ஆறு மாதம் கழித்து அலமாரியில் ஒரே மாதிரி நாற்பது டப்பா நிற்கும்.